‘இஃப்’ என்னும் சிறிய சொல்

“தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும்.” இந்த வாக்கியம் சரியா, தவறா?

சரிதான் என்று உடனே சொல்வீர்கள். ஆனால் உதகமண்டலத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெப்பமானியை வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே அது கொதிக்கத் தொடங்கிவிடும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆகவே நம் வாக்கியத்தில் ஒரு பகுதி விடுபட்டுப் போயிருக்கிறது. “காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ள அளவு இருந்தால், தூய நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும்” என்பதே முழு வாக்கியம்.

இதில் ‘இருந்தால்’ என்ற சொல்தான் உயிர்நாடி. அதை நீக்கினால் உண்மை பொய்யாகிவிடுகிறது.

இத்தகைய வாக்கியங்களை நிபந்தனை வாக்கியங்கள் என்கிறோம். அறிவியல் விதிகளில் பெரும்பாலானவை நிபந்தனை வாக்கியங்களே. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இந்த விதிகளை ஆங்கிலத்தில் எழுத நேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள வல்லத்திலிருந்து வந்தாலும் சரி, சென்னையிலிருந்து வந்தாலும் சரி, தடுமாறும் இடங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. இவற்றை வெறும் இலக்கணப் பிழைகள் என்று தள்ளிவிட முடியாது. நிபந்தனை மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் இயற்பியலே மாறிவிடும். ஆகவே ஓர் இயற்பியல் ஆசிரியன் ஆங்கில இலக்கணம் பேசுவதில் வியப்பில்லை.

தமிழில் ‘ஆல்’, ஆங்கிலத்தில் ‘இஃப்’

முதலில் நம் மொழியைப் பார்ப்போம். ‘மழை பெய்தால் ஏரி நிரம்பும்’ என்கிறோம். நிபந்தனை இங்கே தனிச் சொல்லாக நிற்கவில்லை. வினைச்சொல்லின் இறுதியில் ‘ஆல்’ என ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழில் இதையே ‘பெய்யின்’ என்பார்கள். இலக்கண நூலார் இதனை ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பர். திருக்குறளில் மழையின் சிறப்பைக் கூறும் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். மழை பொய்த்தால் என்னவாகும் என்று சொல்லும் நிபந்தனைகள் வரிசையாக வருவதைக் காண்பீர்கள்.

ஆங்கிலத்தில் நிபந்தனைக்கு ‘இஃப்’ என்ற தனிச் சொல் உண்டு. அது வாக்கியப் பகுதியின் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். தமிழில் நிபந்தனை கடைசியில் தெரியும். ஆங்கிலத்தில் முதலிலேயே தெரிந்துவிடும். இது ஒரு வேறுபாடு.

இன்னொன்றைக் கவனியுங்கள். ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: பெய் + த் + ஆல். நடுவில் இருக்கும் ‘த்’ இறந்தகாலத்தைக் காட்டும் எழுத்து. ஆனால் நாம் பேசுவதோ நாளைய மழையைப் பற்றி! நிபந்தனையில் வரும் காலக்குறி உண்மையான காலத்தைக் காட்டுவதில்லை என்பது நமக்குப் பிறந்தது முதலே பழக்கமான செய்தி.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். நாளைய மழையைச் சொல்லும்போதும் அவர்கள் ‘இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ’ என நிகழ்காலத்திலேயே எழுதுவார்கள். ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதுவது தவறு. ‘நாளை பெய்வதால் வில் வேண்டுமே’ என்று எண்ணுவதால் இப்பிழை நேர்கிறது. ‘நாளை மழை பெய்யும் ஆல்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை அல்லவா? அதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பிழை வராது. ‘வில்’ இருக்க வேண்டிய இடம் விளைவைச் சொல்லும் பகுதி: ‘இஃப் இட் ரெய்ன்ஸ், தி லேக் வில் ஃபில்.’

நால்வகை நிபந்தனைகள்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, என்றும் மாறாத உண்மை. ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும். இரு பகுதிகளிலும் நிகழ்காலமே வரும். அறிவியல் விதிகளை எழுத ஏற்ற வகை இது.

இரண்டாம் வகை, நடக்கக்கூடிய ஒன்று. ‘இஃப் யூ டச் திஸ் ஒயர், யூ வில் கெட் எ ஷாக்.’ இந்தக் கம்பியைத் தொட்டால் உனக்கு மின் அதிர்ச்சி ஏற்படும். நிபந்தனையில் நிகழ்காலம், விளைவில் ‘வில்’.

மூன்றாம் வகை, இப்போது உண்மையில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் கற்பனை செய்வது. ‘இஃப் தி எர்த் ஹேட் நோ அட்மாஸ்ஃபியர், தி ஸ்கை வுட் பி பிளாக்.’ பூமிக்கு வளிமண்டலம் இல்லாதிருந்தால் பகலிலும் வானம் கறுப்பாகத் தோன்றும். நிபந்தனையில் இறந்தகால வடிவம், விளைவில் ‘வுட்’. ‘நான் சந்திரனில் இருந்தால்’ என்பதை ‘இஃப் ஐ வெர் ஆன் தி மூன்’ என்று எழுதுவார்கள். ‘ஐ’ என்பதற்கு வழக்கமாக வரும் ‘வாஸ்’ இங்கு வருவதில்லை. ‘வெர்’ என்பதைக் கண்டதுமே, இது கற்பனை என்று படிப்பவர் புரிந்துகொள்கிறார்.

நான்காம் வகை, நடந்து முடிந்ததை மாற்றிக் கற்பனை செய்வது. செஞ்சிக் கோட்டையின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1690ஆம் ஆண்டு முதல் அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். மராட்டிய அரசர் ராஜாராம் உள்ளே இருந்தார். கோட்டை 1698இல் வீழ்ந்தது. ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பிச் சென்றுவிட்டார். இப்போது சொல்லலாம்: ‘இஃப் ராஜாராம் ஹேட் நாட் எஸ்கேப்ட், ஹி மைட் ஹேவ் பீன் கேப்சர்ட்.’ அவர் தப்பியிராவிட்டால் பிடிபட்டிருக்கக்கூடும். நிபந்தனையில் ‘ஹேட்’, விளைவில் ‘வுட் ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’. நிச்சயம் என்றால் ‘வுட்’. இருக்கலாம் என்றால் ‘மைட்’. தமிழில் ‘இருப்பார்’, ‘இருக்கக்கூடும்’ என்று வேறுபடுத்துவது போலத்தான்.

கற்பனை உண்மையானபோது

இந்த வகைகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒரு வாக்கியத்தை எந்த வகையில் எழுதுவது என்பது நமக்குத் தெரிந்திருக்கும் உண்மையைப் பொறுத்தது.

காற்றே இல்லாதிருந்தால் கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்பதைக் கலிலியோ தம் சிந்தனையால் கண்டார். காற்றில்லாத இடம் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று இதை எழுதியிருந்தால் ‘வுட்’ போட்டு மூன்றாம் வகையாகத்தான் எழுதியிருக்க வேண்டும். 1971 ஆகஸ்டு 2ஆம் நாள், அப்பல்லோ-15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சந்திரனில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். சுத்தியலின் நிறை 1.32 கிலோகிராம், இறகின் நிறை 0.03 கிலோகிராம். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. இன்று நாம் ‘காற்று இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாக விழும்’ என்று முதல் வகையிலேயே எழுதலாம். ஒரு சோதனை நடந்து முடிந்ததும், வாக்கியத்தின் இலக்கணமே மாறிவிட்டது!

‘இஃப்’ வேறு, ‘ஒன்லி இஃப்’ வேறு

மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுதான். தமிழில் ‘வந்தால்’ என்பதற்கும் ‘வந்தால்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு நன்றாகத் தெரியும். ‘தான்’ என்ற அந்த ஒட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ என்று பெயர்.

மறுபடியும் செஞ்சிக்கு வாருங்கள். ராஜகிரி மலையின் உச்சிக் கோட்டையை நெருங்கும்போது ஆழமான ஒரு பாறைப் பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் பாலம் உண்டு. முற்காலத்தில் அங்கே மரப்பாலம் இருந்தது. பகைவர் வந்தால் அதை அகற்றிவிடலாம். எனவே, ‘பாலம் இருந்தால்தான் உச்சியை அடைய முடியும்.’ இது ‘ஒன்லி இஃப்’. பாலம் இருந்துவிட்டாலே உச்சியை அடைந்துவிடலாமா? முடியாது. வழியில் வாயில்கள் இருக்கின்றன, காவல் இருக்கிறது. பாலம் தேவையான நிபந்தனை. ஆனால் போதுமான நிபந்தனை அன்று.

மின்விளக்கும் அப்படியே. சுவிட்சைப் போட்டால்தான் விளக்கு எரியும். சுவிட்சைப் போட்டும் எரியாமல் இருக்கலாம். மின்வெட்டாக இருக்கலாம், பல்பு பழுதாகியிருக்கலாம். ‘ஒன்லி இஃப்’ எழுத வேண்டிய இடத்தில் ‘இஃப்’ எழுதினால், ‘சுவிட்சைப் போட்டாலே விளக்கு எரியும்’ என்று உறுதி கூறியதாகிவிடும்.

‘இஃப்’ வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்புவதும் தவறு. ‘மழை பெய்தால் பாறை நனையும்’ என்பது உண்மை. பாறை நனைந்திருப்பதைக் கண்டு, மழை பெய்தது என்று முடிவுகட்டலாமா? பனி பெய்திருக்கலாம், யாராவது தண்ணீர் கொட்டியிருக்கலாம். கணக்கிலும் இதே நிலைதான். ஓர் எண் 10ஆல் வகுபட்டால் அது 5ஆலும் வகுபடும். ஆனால் 15 என்ற எண் 5ஆல் வகுபடும், 10ஆல் வகுபடாது.

சில வாக்கியங்கள் மட்டும் இருபுறமும் உண்மையாக இருக்கும். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை 3ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3ஆல் வகுபடும். தொகை வகுபடாவிட்டால் எண்ணும் வகுபடாது. இத்தகைய இடங்களில் ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்று எழுத வேண்டும். கணிதப் புத்தகங்களில் இத்தொடரைக் கண்டால் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். நிரூபணத்தை இருபுறமும் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஒரு நிபந்தனையும் ஒரு நோபல் பரிசும்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றார். அப்போது அவருக்கு வயது 19. பயணத்தின்போதே அவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, ‘வெண்குறு விண்மீன்’ என்ற நிலையில் நிலைத்து நிற்கும் என்று அக்காலத்து அறிஞர்கள் கருதினர். எல்லா விண்மீன்களுக்கும் இது பொருந்தாது என்று அவருடைய கணக்கு காட்டியது. பின்னர் திருத்தமாகக் கணக்கிட்ட முடிவை இப்படிச் சொல்லலாம்: சுருங்கி நிற்கும் விண்மீனின் நிறை சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்குள் இருந்தால்தான் அது வெண்குறு விண்மீனாக நிலைக்க முடியும். இதுவும் ஓர் ‘ஒன்லி இஃப்’ வாக்கியமே!

1935 ஜனவரியில் லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் இந்த ஆய்வைச் சந்திரசேகர் எடுத்துரைத்தார். புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதை ஏற்கவில்லை. அவர் எப்படி வாதிட்டார் என்பதைக் கவனியுங்கள். இக்கணக்கு சரியானால், பெரிய விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும். முடிவில் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு அதன் ஈர்ப்பு வலுக்கும். இது நடக்கக்கூடாத ஒன்று; ஆகவே கணக்கின் அடிப்படையே தவறு என்றார் அவர். ‘அது இருந்தால் இது இருக்கும், இது இல்லை, ஆகவே அதுவும் இல்லை’ என்ற வாத முறை தருக்கப்படி முற்றிலும் சரியானது. ‘இது இல்லை’ என்று அவர் உறுதியாக நம்பியதுதான் சரியில்லை. ஒளியையும் விடாத அத்தகைய பொருள்களை இன்று கருந்துளைகள் என்கிறோம்; அவை இருக்கின்றன என்பதற்குச் சான்றுகளும் கிடைத்துள்ளன. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிபந்தனை வாக்கியம் சரியாக இருப்பது ஒன்று. நிபந்தனை உண்மையாக இருப்பது வேறு ஒன்று. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது.

‘அன்லெஸ்’ செய்த குழப்பம்

‘அன்லெஸ்’ என்றால் ‘இல்லாவிட்டால்’. இல்லை என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே ‘அன்லெஸ் யூ டோண்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘அன்லெஸ் யூ ஸ்டடி’ என்பதே சரி.

இச்சொல் நியூட்டனின் முதல் விதியிலும் வருகிறது. ‘புறவிசை ஒன்று மாற்றாவிட்டால், ஒரு பொருள் ஓய்வு நிலையிலோ நேர்கோட்டில் சீரான இயக்கத்திலோ இருக்கும்’ என்று படித்திருக்கிறீர்கள். நியூட்டன் 1687இல் தம் நூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். 1729இல் ஆண்ட்ரூ மோட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இவ்விடத்தில் ‘அன்லெஸ்’ என்ற சொல்லைப் போட்டார். பிறகு வந்த பாடநூல்கள் பலவற்றிலும் அதுவே நிலைத்துவிட்டது.

இதைப் படிக்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழும். விசையே செயற்படாத பொருள் உலகில் எங்கே இருக்கிறது? ஈர்ப்பு எங்கும் உள்ளதே! அப்படியானால் இந்த விதி எந்தப் பொருளைப் பற்றியது? நியூட்டன் எழுதிய இலத்தீன் தொடரின் பொருள் இதைவிட நுட்பமானது. ‘விசைகள் மாற்றும் அளவுக்கு அன்றி’ என்பதே அதன் கருத்து. பெர்னார்டு கோகனும் ஆன் விட்மனும் செய்து 1999இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் ‘எக்ஸெப்ட் இன்சோஃபார் ஆஸ்’ என்று திருத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வாறு படித்தால் விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துகிறது. ஒரு பொருளின் இயக்கம், விசை எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவுதான் மாறும், அதற்குமேல் மாறாது. நியூட்டன் தாமே தந்த எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்: எறியப்பட்ட பொருள், சுழலும் பம்பரம், கோள்கள். இவை எல்லாமே விசைக்கு உட்பட்டவை! ஒரு நிபந்தனைச் சொல்லை மொழிபெயர்ப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வேறு சில தொடர்கள்

‘ப்ரொவைடட் தட்’: ‘என்ற நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று பொருள். விதிகளின் இறுதியில் வரும். பாயில் விதியில் வாயுவின் நிறையும் வெப்பநிலையும் மாறாதிருக்க வேண்டும். ஓம் விதியில் வெப்பநிலை மாறக்கூடாது. பல்பின் இழை சூடாகும்போது அதன் மின்தடை பல மடங்கு உயர்வதால், அங்கே ஓம் விதியை அப்படியே பயன்படுத்த இயலாது. இத்தொடரை விட்டுவிட்டு விதியை எழுதினால் மதிப்பெண் குறைவது நியாயமே.

‘ஈவன் இஃப்’: தமிழில் ‘ஆலும்’. ‘மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்’ என்றால் நிபந்தனை விளைவைப் பாதிக்கவில்லை என்று பொருள். 

‘வென்’: ‘போது’. நிச்சயம் நடப்பதற்கு ‘வென்’. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்கு ‘இஃப்’. ‘வென் தி சன் ரைசஸ்’ என்று எழுத வேண்டும். அங்கே ‘இஃப்’ போட்டால், நாளை சூரியன் உதிக்குமா என்று நீங்கள் ஐயப்படுவதாகிவிடும்!

‘இன் கேஸ்’: ‘ஒருவேளை நேர்ந்தால் உதவட்டும் என்று முன்கூட்டியே’ என்ற பொருளில் வரும். ‘கீப் எ பக்கெட் ஆஃப் சாண்ட் இன் கேஸ் தேர் இஸ் எ ஃபயர்’ என்றால், தீப்பற்றக்கூடும் என்பதால் இப்போதே மணல் வாளியை வை என்று பொருள். அங்கே ‘இஃப்’ எழுதினால், தீப்பற்றிய பிறகு மணல் வாளியை வை என்றாகும். ஆய்வுக்கூடத்தில் இந்த வேறுபாடு உயிரையே காக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ‘இஃப் யூ வில் பிரெஸ் தி சுவிட்ச், தி பல்ப் வில் குளோ.’ திருத்துக.

2. ‘இஃப் ஐ ஆம் ஆன் தி மூன், மை வெயிட் வில் பி ஒன்-சிக்ஸ்த்.’ பூமியிலிருந்து எழுதுபவர் இதை எப்படி எழுத வேண்டும்?

3. ‘எரிதலுக்கு ஆக்சிஜன் இருந்தால்தான் விறகு எரியும்.’ இதில் ‘இஃப்’ வருமா, ‘ஒன்லி இஃப்’ வருமா?

4. ஓர் எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆக இருப்பதற்கும் அது 10ஆல் வகுபடுவதற்கும் இடையே எந்தத் தொடரைப் போடலாம்?

5. ‘இஃப் எடிங்டன் அக்செப்டட் இட் இன் 1935’ என்று தொடங்கும் வாக்கியத்தைத் திருத்துக.

விடைகள்: (1) முதல் ‘வில்’லை நீக்குக. (2) ‘இஃப் ஐ வெர்’, ‘வுட் பி’. (3) ‘ஒன்லி இஃப்’. ஆக்சிஜன் இருப்பதால் மட்டும் விறகு தானே பற்றிக்கொள்வதில்லை. (4) ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’. (5) ‘இஃப் எடிங்டன் ஹேட் அக்செப்டட்’. அதன் விளைவுப் பகுதியை ‘வுட் ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’ போட்டு நீங்களே முடியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் இயற்பியல் புத்தகத்தில் உள்ள விதிகளில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் நிபந்தனை எது, விளைவு எது என்று தனித்தனியே அடிக்கோடிடுங்கள். பிறகு நிபந்தனையை நீக்கிவிட்டுப் படித்து, எந்தச் சூழ்நிலையில் அந்த விதி பொய்த்துப்போகும் என்று எழுதிப் பாருங்கள். விதியும் விளங்கும், ஆங்கிலமும் தானே வசப்படும்.